மிதிவண்டியும் முழங்கால் நோவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழாசிரியர் பேசுகின்றார் என்றவுடன் இலக்கியப் பொருளொன்றை எதிர்பார்த்து வந்த அன்பர்கள், இன்று யாம் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டு வியப்புறுதல் கூடும். இலக்கணம் கற்பிப்பவர்க்கு மிதிவண்டியோடும் முழங்காலோடும் யாது தொடர்பு என்று வினவுதலும் கூடும். தொடர்பு பெரிதும் உண்டு. நாடோறும் பள்ளிக்கு மிதிவண்டியிற் சென்று மீள்பவருள் யாமும் ஒருவேம். எம் வகுப்பில் அமரும் மாணவருட் பலர் அவ்வாறே வருபவர். நம் சங்கத்து உறுப்பினருள்ளும் பால் கொண்டு ஊர்தோறும் செல்வோர், விடியுமுன் செய்தித்தாள் போடுவோர், ஆலைக்கும் கடைக்கும் வேலைக்குச் செல்வோர் எனப் பலருக்கு மிதிவண்டியே காலாகவும் கையாகவும் இருந்து உதவுகின்றது.

இத்தகைய வண்டியை, முழங்கால் நோகின்றது என்னும் ஒரு காரணத்தாற் கைவிட எண்ணுவோர் நம்மிடையே பெருகி வருதலைக் காண்கின்றோம். விசைவண்டி வாங்கும் செல்வமுடையார்க்கு அஃது ஒரு பொருட்டன்று. ஏனையோர்க்கோ, வண்டியை விடுதல் தொழிலை விடுதலாகின்றது. சிறுமியர்க்குப் பள்ளியை விடுதலாகவும் முடிகின்றது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டையொட்டி எழுந்த அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றனர் என்பதைப் பெரியோர்கள் நினைவுகூர்வார்கள். ஒருவரையும் எதிர்பாராது தாமே புறப்பட்டுச் சென்று மீளும் உரிமையை அவ்வண்டி அவர்கட்கு ஈந்தது. அவ்வுரிமையை ஒரு மூட்டு நோவுக்கு எளிதில் விட்டுக்கொடுத்தல் தகுமோ என்பதே எம் கவலை.

ஆதலின் இவ்வுரையில் யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. மிதிவண்டி ஓட்டுவோரை நெடுநாள் வருத்தும் முழங்கால் நோவிற் பெரும்பகுதி, முழங்காலின் விதியால் வருவதன்று. வண்டியின் அளவு உடம்பின் அளவோடு பொருந்தாமையாலும், தாங்கும் வலிமைக்கு மிஞ்சிய சுமையாலும் வருவது. அளவைத் திருத்தலாம்; சுமையைக் குறைக்கலாம்; வலிமையை வளர்க்கலாம். இம்மூன்றையும் செய்து பாராமுன் வண்டியை விற்றலும், தைலம் தேய்த்துக்கொண்டே பழைய வண்ணம் ஓட்டிவருதலும் ஆகிய இரண்டும் பிழையாம்.

முதற்கண் முழங்காலின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். 'மூட்டுதல்' என்னும் சொல்லுக்குப் பொருத்துதல், இணைத்துத் தைத்தல் என்பன பொருள். ஆகவே மூட்டு என்பது இரண்டினை இணைக்கும் இடம். முழங்காலில் மேலே தொடையெலும்பும் கீழே கணைக்காலெலும்பும் வந்து கூடுகின்றன. முன்புறத்தே வட்டமாய் அசையும் சிறு எலும்பு ஒன்று உண்டு. அதனைச் சில்லு என்பர். தொடையின் முன்புறத்துப் பெருந்தசை ஒரு தடித்த நாணாகக் குறுகி, அச்சில்லினைப் பற்றி, அதன் கீழும் சென்று கணைக்காலெலும்பின் முகப்பிற் பொருந்துகின்றது. நாம் காலை மடக்கி நீட்டுந்தோறும், கிணற்று உருளையின்மீது கயிறு ஓடுமாறு, சில்லு தொடையெலும்பின் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுகின்றது. மடக்கிய காலால் விசையுடன் உந்தும்போது, முழங்கால் எவ்வளவு மிகுதியாக மடங்கியிருக்கின்றதோ அவ்வளவுக்குச் சில்லு அப்பள்ளத்தில் அழுந்துகின்றது. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால் மேலே கூறுவன யாவும் எளிதில் விளங்கும்.

மேலும் ஒன்று கருதற்பாலது. இடுப்புப் பல பக்கமும் திரும்பும். கணுக்காலும் அவ்வாறே வளைந்து கொடுக்கும். இடையிலுள்ள முழங்காலோ பெரும்பாலும் மடங்கவும் நிமிரவுமே வல்லது. ஆதலின் மேலே சீட்டு தவறான இடத்தில் இருப்பினும், கீழே பாதம் தவறான கோணத்தில் இருப்பினும், அவ்விரண்டின் தவற்றையும் நடுவேயுள்ள முழங்காலே சுமக்கின்றது. வழக்காடும் இருவரிடையே அகப்பட்ட நடுவர் போல அது வருந்துகின்றது. நோவு முழங்காலிலே தோன்றினும், அதன் காரணத்தை முழங்காலுக்கு மேலும் கீழும் தேடுதல் வேண்டும்.

இனி, மூட்டு எத்துணை முறை மடங்குகின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் ஊர்களில் வழங்கும் பழைய 28 அங்குலச் சக்கர வண்டி ஒன்றில், முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ளன என்று கொள்வோம். சக்கரம் ஒருமுறை உருளின் ஏறக்குறைய 2.2 மீட்டர் செல்லும். பெடல் ஒரு சுற்றுச் சுற்றின் வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் செல்லும். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் செல்லும் ஒருவருடைய ஒவ்வொரு முழங்காலும் அந்நாளில் சற்றேறக்குறைய 3,700 முறை மடங்கி நிமிர்கின்றது. ஆண்டில் 300 நாள் ஓட்டுவாராயின் 11 லட்சம் முறையாகும். ஒருமுறை செய்யுங்கால் அறியவும் படாத சிறு பிழை, 11 லட்சம் முறை செய்யப்படின் நோயாகாது ஒழியுமோ? பிழையின்றிச் செய்யப்படின், அதே 11 லட்சம் அசைவும் தசைக்குப் பயிற்சியாய் உடம்பை வளர்க்கின்றது. செயல் ஒன்றே, அளவே அதனை நன்றாக்குவதும் தீதாக்குவதும்.

நோவு எவ்விடத்தது என்று ஓட்டுபவரே நுணுகி அறிதல் வேண்டும். 'முழங்கால் நோகின்றது' என்று பொதுப்படக் கூறுதல், 'பாடலிற் பிழை உள்ளது' என்று கூறிச் சீரையும் தளையையும் காட்டாது விடுதல் போல்வதாம். நோவு முன்புறத்தே, சில்லினைச் சுற்றியோ அதன் கீழோ இருப்பின், சீட்டு மிகத் தாழ்ந்திருத்தல், மிக முன்னே தள்ளியிருத்தல், கடின விசையுடன் மெல்ல மெல்ல மிதித்தல் என்பவற்றை முதலில் ஐயுறுக. பின்புறத்தே, முழங்காலின் குழியில் இருப்பின், சீட்டு மிக உயர்ந்தோ பின்னே தள்ளியோ இருக்கின்றதா என்று காண்க. வெளிப்பக்கத்தே எரிவது போல் இருப்பின், சீட்டின் உயரத்தோடு, பாதத்தின் முனை உட்புறம் திரும்பியுள்ளதா என்பதையும் நோக்குக. உட்பக்கத்தே இருப்பின், பாதம் மிக வெளிப்புறம் திரும்பியுள்ளதா, முழங்கால்கள் அகன்று அகன்று செல்கின்றனவா என்று பிறரைப் பின்னும் முன்னும் நின்று பார்க்கச் சொல்லுக. இவை வழிகாட்டும் குறிகளேயன்றி முடிந்த தீர்ப்புகள் அல்ல. எனினும் பலருக்கு இக்குறிகளே போதியனவாம்.

நம்மவர் வண்டிகளிற் காணப்படும் பிழைகளுள் தலையாயது சீட்டைத் தாழ்த்தி வைத்தல். சீட்டில் அமர்ந்தவாறே இரு பாதமும் தரையில் முழுதும் ஊன்ற வேண்டும் என்று பலர் விரும்புகின்றனர். வீழ்ந்துவிடுவோம் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அங்ஙனம் தாழ்த்திய சீட்டில் அமர்வார்க்குப் பெடல் மேலே வரும்போது முழங்கால் மார்பை நோக்கி எழுகின்றது. மிகுதியாக மடங்கிய அந்நிலையிலேயே உந்தவும் வேண்டியுள்ளது. சில்லு அழுந்துதற்கு இதனினும் வேறு வழி வேண்டா.

சீட்டின் உயரத்தை அறிதற்கு எளிய வழி ஒன்று. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் நேராக அமர்ந்து, பெடலை மிகக் கீழான நிலைக்குக் கொணர்ந்து, குதிகாலை அதன்மேல் வைக்க. இடுப்புச் சாயாமல் கால் நேராக நீளுமாயின் உயரம் ஏறத்தாழச் சரியானது. பின்னர், மிதிக்க வேண்டிய முறைப்படி, கால்விரல்களுக்குப் பின்னேயுள்ள மேட்டைப் பெடலில் வைத்தால் முழங்கால் சிறிதே மடங்கி நிற்கும். அம்மடக்கம் 25 பாகை முதல் 35 பாகை வரை இருத்தல் நன்று என்பது ஆராய்ந்தோர் கருத்து.

கணக்கு விரும்புவார்க்கு மற்றொரு வழியும் உண்டு. ஹாம்லி, தாமஸ் என்னும் இருவர் 1967-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலிருந்து வழங்கிவரும் வாய்பாடு அது. காலணியின்றிச் சுவரையொட்டி நிமிர்ந்து நின்று, கெட்டியட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கிடையே மேலே முட்டும்வரை உயர்த்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க. அவ்வளவை 1.09-ஆற் பெருக்குக. வருவதே, கீழ்நிலையிலுள்ள பெடலுக்கும் சீட்டின் மேற்பரப்புக்கும் இடையே இருக்கத்தக்க தொலைவு. உட்கால் அளவு 80 சென்டிமீட்டராயின் அத்தொலைவு 87 சென்டிமீட்டரை ஒட்டி வரும். வாய்பாடு வழிகாட்டியேயன்றி ஆணையன்று. பழகாதவர் அதனினும் ஓரிரு சென்டிமீட்டர் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். சீட்டைத் தாங்கும் குழாயை உயர்த்துங்கால் அதில் எல்லைக்கோடு இருப்பின் அதனை மீறலாகாது. கோடு இல்லையேல் 7 சென்டிமீட்டரேனும் சட்டத்தினுள் இருத்தல் வேண்டும். இன்றேல் குழாய் முறிந்து வீழ நேரும்.

இதற்கு அண்மையிற் கண்ட சான்று ஒன்று கூறுவோம். பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்கி வருதலை யாவரும் அறிவீர்கள். அங்ஙனம் வண்டி பெற்ற மாணவி ஒருத்தி, காலை 7 கிலோமீட்டரும் மாலை 7 கிலோமீட்டரும் ஓட்டி வந்தாள். மூன்றாம் திங்களில் இரு முழங்காலின் முன்புறமும் நோவெடுத்தது. படியிறங்கும்போதும், வகுப்பில் நெடுநேரம் அமர்ந்து எழும்போதும் மிகுந்தது. வீட்டார் தைலம் தேய்த்தனர். பின்னர், 'பெண்பிள்ளைக்குக் கால் கெட்டுவிட்டால் என் செய்வது? பள்ளி இனிப் போதும்' என்று அவள் தந்தையார் கூறத் தொடங்கினார். வண்டியைக் கொண்டுவரச் சொல்லி அளந்தோம். அவளது உட்கால் அளவு 72 சென்டிமீட்டர். வாய்பாட்டின்படி 78 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கவேண்டிய தொலைவு 71 சென்டிமீட்டரே இருந்தது. வண்டி வந்த நாளில் இருந்தவாறே சீட்டு இருந்ததன்றி, அவளுக்கென்று ஒருவரும் அதனைத் தொட்டிலர்.

சீட்டை ஒரே நாளில் உயர்த்திவிடவில்லை. உடம்பு பழகிய அளவை ஒருங்கே மாற்றின் வேறிடத்தில் நோவு தோன்றக்கூடும். வாரத்துக்கு 1 சென்டிமீட்டராக ஆறு வாரம் உயர்த்தினோம். நிறுத்துங்கால் சீட்டினின்றும் முன்னே நழுவித் தரையில் ஒரு பாதம் ஊன்றும் முறையைப் பள்ளி விளையாட்டுத் திடலிலேயே அவள் பயின்றாள். பின்னே கூறப்போகும் பயிற்சிகளையும் செய்தாள். நோவு முதலிற் படிகளில் தணிந்தது. பின்னர் வகுப்பிலும் தணிந்தது. அவள் இப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கின்றாள் என்பதே யாம் கூற விரும்பும் செய்தி. எல்லார்க்கும் இவ்வாறே ஆகும் என்று உறுதி கூறுகின்றோமில்லை. ஆனால், ஒரு ஸ்பானரும் ஓர் அளவு நாடாவும் கொண்டு பாராமல், ஒரு பெண்ணின் கல்வியை நிறுத்தத் துணிதல் எத்துணைக் கொடிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அண்ணன் ஓட்டிய வண்டியைத் தம்பியும், தந்தை ஓட்டும் வண்டியை மகனும் மாறி மாறி ஓட்டும் வீடுகள் பல. அவ்வீட்டார் சீட்டுக் குழாயில் ஒவ்வொருவர்க்கும் ஒரு கோடு வண்ணத்தால் இட்டு வைத்துக்கொள்ளின், ஓட்டுமுன் நொடிப்பொழுதில் தம் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சட்டமே பெரிதாயிருந்து, சீட்டை முழுதும் தாழ்த்தியும் கால் எட்டாமல் இடுப்பை இருபுறமும் அசைத்து மிதிக்க வேண்டியிருப்பின், அவ்வண்டி அவர்க்குரியதன்று. சிறிய சட்டமுள்ள வண்டியே வேண்டும். சட்டையை அளவெடுத்துத் தைப்பிக்கும் நாம், நாளும் ஆயிரக்கணக்கான முறை காலை மடக்கும் பொறிக்கு அளவு பாராதிருத்தல் பொருந்துமோ?

அடுத்துச் சுமையைப் பற்றிக் கூறுவோம். பால் கொண்டு செல்லும் நம் சகோதரர் 40 லிட்டர்ப் பாலைக் காரியரில் ஏற்றின், பாலின் எடை மட்டும் 41 கிலோகிராமுக்குக் குறையாது. கேனின் எடை வேறு. வண்டியின் எடை வேறு. சமநிலத்தில் ஓடுங்கால் பெரிதும் வருந்தாத முழங்கால், நின்ற வண்டியைக் கிளப்பும்போதும், பாலத்தின் ஏற்றத்திலும் பன்மடங்கு விசை இடுகின்றது. மெல்லச் சுற்றிக் கடுமையாக அழுத்துதலினும், இலேசாக அழுத்தி விரைவாகச் சுற்றுதல் முழங்காலுக்கு நலம். பல பற்சக்கரமுள்ள வண்டியுடையார் இலகுவான பல்லுக்கு மாற்றி, நிமிடத்துக்கு 80 சுற்றினை ஒட்டிச் சுற்றப் பழகலாம். ஒற்றைப் பற்சக்கரமுள்ள வண்டியாளரும் வழியற்றவர் அல்லர். பின்சக்கரத்து 18 பல் ஃப்ரீவீலை நீக்கி 22 பல் ஃப்ரீவீல் பூட்டின், ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். விரைவு சற்றுக் குறைதல் உண்மையே. சுமை வண்டிக்கு விரைவு எதற்கு? செயினின் நீளத்தை அதற்கேற்பச் சரிசெய்தல் வேண்டும். அதனைக் கடைக்காரர் செய்து தருவார்.

இவற்றினும் எளியனவும் உண்டு. காற்றுக் குறைந்த டயரும், எண்ணெய் காணாத செயினும், உராயும் பிரேக்குக் கட்டையும் ஓட்டுபவர் உழைப்பைத் திருடுகின்றன. வாரத்துக்கு ஒருமுறை காற்றும், சில நாளைக்கொருமுறை செயினுக்கு எண்ணெயும் இடுதல் முழங்காலுக்குச் செய்யும் மருந்தேயாம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்லுதலை இழிவாகக் கருதுதலும் வேண்டா. நெடுநாள் ஓட்டாதிருந்தவர் ஒருங்கே நெடுந்தொலைவு ஓட்டப் புகுதலும் தீது. சிறிது தொடங்கி, வாரத்துக்குப் பத்திலொரு பங்கு அளவில் ஏற்றிச் செல்லுதல் தக்கது.

இனி ஓய்வைப் பற்றிச் சில கூறுவோம். நோவைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுதலே ஆண்மை என்று கருதும் இளைஞர் சிலர் உளர். அவர்கள் பிரான்சு நாட்டுப் பெர்னார் இனோ என்னும் பெருவீரர் வரலாற்றைக் கேட்டல் வேண்டும். 'தூர் டெ பிரான்சு' என்னும் பெரும்பந்தயத்தை 1978, 1979 ஆகிய இரண்டாண்டும் வென்றவர் அவர். 1980-இல் மழையிலும் குளிரிலும் கற்பாவிய பாதைகளிலும் ஓட்டியபோது அவரது முழங்கால் தசைநாண் வீங்கி வருந்தியது. முதலிடத்திற்கு அடையாளமாகிய மஞ்சட் சட்டையை அணிந்திருந்த நிலையிலேயே, போ என்னும் நகரில் அவர் பந்தயத்தினின்றும் விலகினார். அவ்வாண்டு வெற்றி ஜூப் ஸூட்டமெல்க் என்னும் ஒல்லாந்து வீரர்க்குப் போயிற்று. இனோ ஓய்ந்து தேறி, அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் சலான்ஷ் என்னும் ஊரில் நிகழ்ந்த உலகப் பந்தயத்தை வென்றார். 1981-இலும் 1982-இலும் தூர் பந்தயத்தையும் வென்றார். 1983-இல் முழங்கால் மீண்டும் நலிவுற, அவ்வாண்டுத் தூர் பந்தயத்திற் கலந்துகொள்ளாமல் அறுவை மருத்துவம் பெற்றார். 1985-இல் ஐந்தாம் முறையாக வென்றார். உலகே நோக்கும் முதலிடத்தை ஒரு முழங்காலின் பொருட்டு விட்டவர், அம்முழங்காலைக் கொண்டே பின்னும் மூன்று முறை அதனை அடைந்தார். காலத்தில் நிறுத்துதல் தோல்வியன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆனால் ஓய்வு என்பது கட்டிலிற் கிடத்தல் அன்று. நெடுநாள் அசையாதிருப்பின் தொடைத் தசை மெலியும். மெலிந்த தசை முழங்காலைக் காக்கமாட்டாது. மீண்டும் ஓட்டத் தொடங்கியவுடன் நோவு முன்னினும் மிகும். ஆதலின் தொலைவைப் பாதியாகக் குறைத்து, ஏற்றத்தையும் சுமையையும் தவிர்த்து, நோவு மிகாத அளவில் இயங்கி வருதலே தக்க ஓய்வாகும். ஓட்டும்போது சிறு நோவு தோன்றி, மறுநாட் காலைக்குள் பழைய நிலைக்கு வருமாயின் அவ்வளவு பொறுக்கத்தக்கது. மறுநாளும் மிகுந்திருப்பின் அளவைக் குறைக்க.

வலிமை பெறுதற்குரிய பயிற்சிகள் சில கூறுவோம். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. முதலாவது, மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை முழங்கால் மடங்காமல் மெல்ல உயர்த்தி, ஐந்து எண்ணும் அளவு நிறுத்தி இறக்குதல். இரண்டாவது, கைகளை ஊன்றாமல் நாற்காலியினின்றும் மெல்ல எழுந்து மெல்ல அமர்தல். மூன்றாவது, மல்லாந்து படுத்து இரு முழங்காலையும் மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்துதல். நான்காவது, ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, பாதங்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுதல். ஒவ்வொன்றையும் பத்து முதல் பதினைந்து முறை, வாரத்தில் மூன்று நாள் செய்க. பின்னிரண்டும் இடுப்புக்குரியன ஆயிற்றே, முழங்காலுக்கு எங்ஙனம் உதவும் என்று கேட்கலாம். முழங்காலை நேர்வழியில் நிறுத்துவது இடுப்பின் தசையே. சில்லினைச் சார்ந்த நோவுக்கு, முழங்காற் பயிற்சியோடு இடுப்புப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தலே சிறந்தது என்று அத்துறை அறிஞர் கூடி 2018-இல் வெளியிட்ட முடிவும் கூறுகின்றது. பயன் காண ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். மூன்று நாளிற் பயன் காணாமல் விடுவோரே மிகுதி. விதைத்த மறுநாள் கதிர் தேடுவார் எவருமில்லை என்பதை அவர்கள் நினைவிற் கொள்க.

நோவு மாத்திரைகளைத் தாமே கடையில் வாங்கித் திங்கட்கணக்காக விழுங்குதல் நம்மவரிடையே பெருகியுள்ளது. அவை நோவை மறைக்குமேயன்றிச் சீட்டை உயர்த்தா. அவற்றுட் பல, நெடுநாள் உண்ணின் வயிற்றிற் புண்ணையும் சிறுநீரகத்திற்குக் கேட்டையும் விளைக்க வல்லன. மருத்துவர் கூறாமல் அவற்றைத் தொடர்தல் கூடாது.

மருத்துவரைத் தாழாது நாடவேண்டிய குறிகளும் உள. விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, முழங்கால் திடீரென வீங்குதல், சூடும் சிவப்பும் காய்ச்சலும் சேர்தல், மடங்கிய கால் நிமிராமல் பூட்டிக்கொள்ளுதல், நடக்கையில் கால் திடுமென மடிந்து தளர்தல், ஓய்வில் இருப்பினும் இரவில் விடாது நோதல், கெண்டைக்கால் ஒருபுறம் மட்டும் வீங்கி நோதல் என்பன அவை. இவற்றில் ஒன்று காணப்படினும் சீட்டை அளந்துகொண்டு காலங்கழித்தல் அறியாமையாம். அளவும் பயிற்சியும் ஆறு வாரம் செம்மையாகச் செய்தும் நோவு தணியாவிடினும் மருத்துவரையோ இயன்முறைச் சிகிச்சை வல்லாரையோ காண்க.

சிறுவர் திறத்துத் தாய்மார்கள் ஒன்றறிதல் வேண்டும். 10 முதல் 15 வயது வரை விரைந்து வளரும் பருவத்தில், சிலர்க்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு மேடிட்டு நோகும். பாஸ்டன் நகரத்து ஆஸ்குட், சூரிச் நகரத்து ஷ்லாட்டர் என்னும் மருத்துவர் இருவர் 1903-இல் தனித்தனியே இதனை விளக்கினமையின் அவ்விருவர் பெயரால் வழங்குகின்றது. வளர்ச்சி நிறைவுறும்போது இது பெரும்பாலும் தானே தணியும். அதுகாறும் ஓட்டமும் குதித்தலும் அளவோடு இருத்தல் வேண்டும். 'சோம்பலாற் பொய் சொல்கின்றான்' என்று அவர்களைக் கடிதல் தகாது. குழந்தை முழங்கால் நோகின்றது என்று சொல்லி நொண்டி நடக்குமாயின் இடுப்பு மூட்டையும் மருத்துவர் பார்த்தல் வேண்டும். இடுப்பின் கேடு முழங்காலில் நோவாகத் தோன்றுதலும் உண்டு.

முதியோர்க்கும் ஒரு சொல். 'மூட்டுத் தேய்ந்துவிட்டது, ஓட்டினால் மேலும் தேயும்' என்று அஞ்சி வண்டியை மூலையிற் சார்த்தியவர் பலர். மூட்டு வண்டியச்சு அன்று, ஓட ஓடத் தேய்ந்தே தீர்வதற்கு. அதன் குருத்தெலும்பில் குருதி நாளங்கள் இல்லை. அசைவினால் மூட்டினுள் ஊறும் நீரிலிருந்தே அஃது உணவு பெறுகின்றது. உடல் எடையைச் சீட்டுத் தாங்க, கால் தடையின்றி அசையும் மிதிவண்டிப் பயிற்சியை மூட்டுத் தேய்வு உடையார்க்கு மருத்துவர்களே பரிந்துரைக்கின்றனர். அமெரிக்காவில் 2,600 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வொன்று, வாழ்நாளில் மிதிவண்டி ஓட்டிவந்தோரிடம் முழங்கால் நோவும் தேய்வும் ஏனையோரினும் குறைவாக இருத்தலைக் கண்டது. மிதிவண்டியே அதற்குக் காரணம் என்று இதுகொண்டு நிறுவிவிட முடியாது. ஆயினும் மிதிவண்டி முழங்காலை அழிக்கும் என்னும் அச்சத்துக்கு இடமில்லை என்பதேனும் விளங்கும்.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். திங்கள்தோறும் இம்மண்டபத்தில் நாம் கூடுகின்றோம். அந்நாளில் கூட்டம் தொடங்குமுன் ஒரு மணி நேரம், அளவு நாடா ஒன்றும் ஸ்பானர் இரண்டும் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் வாயிலில் வைப்போம். பிள்ளைகளும் பெண்களும் தொழிலாளரும் தம் வண்டியோடு வருக. ஒவ்வொருவர்க்கும் உட்கால் அளவெடுத்து, சீட்டை அமைத்து, அவ்வளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் நம் அன்பர்கள் இதற்கு வந்து உதவுவார்களாக; யாமும் எம் மாணவர் சிலரும் உடனிருந்து செய்ய இசைகின்றோம். இதற்கு நூறு ரூபாய்ச் செலவும் வேண்டா. இதனால் ஒரு பால்காரர் தொழிலை விடாமலும், ஒரு பெண் பள்ளியை விடாமலும் இருப்பாராயின், இச்சங்கம் அவ்வாண்டிற் செய்த நற்செயல்களுள் அதனை முன்வைத்து எண்ணலாம்.

 உங்கள் முழங்கால்கள் நெடுங்காலம் நோவின்றி மடங்கி நிமிர்க! வாழ்க நலம்!